முடிவைச் சொல்லாமலும் விமர்சிக்கலாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஓரியோல் பாவ்லோ எழுதி இயக்கிய 'கான்ட்ராடியெம்போ' என்ற ஸ்பானியத் திரைப்படம் குறித்துத் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளியான கட்டுரை, படத்தின் இறுதி நிமிடங்களில் நடப்பதை இரண்டாம் பத்தியிலேயே போட்டு உடைத்துவிட்டு, திருப்பம் தெரிந்தபின் மறுமுறை பார்க்க அதில் ஏதுமில்லை என்றும் தீர்ப்பளித்திருந்தது. 2017 ஜனவரியில் ஸ்பெயினில் வெளியான படத்தில் இனி மறைக்க என்ன இருக்கிறது என்று கட்டுரையாளர் எண்ணியிருக்கலாம். ஆனால் இன்றிரவு முதன்முறையாக அதைப் பார்க்க உட்காருபவருக்கு அது புதுப்படம்தானே?

உட்புறம் தாழிட்ட விடுதி அறையில் காதலியின் சடலத்தோடு சிக்கிக்கொண்ட இளம் தொழிலதிபர் அத்ரியான் தோரியாவைச் சந்திக்க, ஓய்வுபெறும் தறுவாயில் இருக்கும் வழக்கறிஞர் வர்ஜீனியா குட்மேன் ஓரிரவு வருகிறார். அரசுத் தரப்புக்குப் புதிய சாட்சி கிடைத்துவிட்டதால் மூன்று மணி நேரத்துக்குள் வாக்குமூலத்தைச் செப்பனிட வேண்டும் என்று மேசைமேல் கடிகாரத்தை ஓடவிடுகிறார். படத்தின் பெயருக்கு எதிர்பாராத தடங்கல் என்று பொருள். அச்சொல்லுக்குள்ளேயே காலத்தைக் குறிக்கும் சொல்லும் ஒளிந்திருக்கிறது.

திரையில் விரியும் கடந்தகாலக் காட்சியை நடந்த உண்மையாகவே எடுத்துக்கொள்வது நம் பழக்கம். இப்படத்திலோ அவை பெரும்பாலும் அத்ரியான் சொல்பவை, அல்லது வர்ஜீனியா ஊகிப்பவை. அத்ரியானும் காதலியும் காரில் செல்லும்போது நேர்ந்த காட்டுச் சாலை விபத்தே ஒருமுறை ஒரு விதமாகவும் பின்னர் வேறு விதமாகவும் காட்டப்படுகிறது. ஆகவே மறுமுறை பார்க்கும்போது கதையை விட்டுவிட்டு, அந்த வழக்கறிஞர் எந்தக் கேள்வியை எப்போது கேட்கிறார், எந்த விவரத்துக்காக அத்ரியானைக் கிளறுகிறார் என்பதைத்தான் நான் கவனித்தேன். வர்ஜீனியாவாக வரும் அனா வாகெனெரின் நடிப்பு அப்போதுதான் முழுமையாகப் புலப்பட்டது.

குறையே இல்லை என்று சொல்லவில்லை. விபத்துக்குப்பின் பழுதான காரைச் சரிசெய்ய உதவ வருபவர் யார் என்பது, என்னைப் பொறுத்தவரை, தற்செயலின் எல்லையை மீறியது. ஆயினும் 2019இல் இந்தியில் 'பத்லா'வாக வந்தபோது குற்றம் சாட்டப்பட்டவர் பெண்ணாகவும் வழக்கறிஞர் ஆணாகவும் மாறியும் முடிச்சு குலையவில்லை என்பது திரைக்கதையின் உறுதிக்குச் சான்று. இதே இயக்குநரின் முந்தைய படமான 'எல் குவெர்போ' 2016இல் 'ஒரு மெல்லிய கோடு' என்று தமிழுக்கும் வந்ததால், அவர் நம்மவர்க்கு முற்றிலும் அந்நியரும் அல்லர்.

முடிவைத் தொட்டே ஆகவேண்டிய கட்டுரைகளில், தலைப்பின் கீழேயே அதற்கான எச்சரிக்கையை ஒரு வரியில் அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
மதுரை.