அந்தப் பத்து நொடியைப் பார்த்தவர்களுக்கு

எல்லோருக்கும் வணக்கம்.

என் மகனுக்குக் கடைசியாக 'அது', அதாவது வலிப்பு, வந்து போய் இந்த மாதத்தோடு ஒரு வருடம் ஆகிறது. இதுவரை யாருக்கும் நான் சரியாக நன்றி சொல்லவில்லை. சொன்னால் கண்ணு பட்டுவிடுமோ என்கிற பயம்தான். இப்போது அவனுக்கு ஒன்பது வயது. இனியும் தள்ளிப்போடக் கூடாது என்று எழுதுகிறேன்.

ஒன்றாம் வகுப்பில் சேர்த்த நாளிலிருந்து டைரியில் சிவப்பு மையில் ஏதாவது எழுதி வரும். கூப்பிட்டால் திரும்புவதில்லை, சொன்னதைச் செய்வதில்லை, பக்கத்துப் பையனைக் கடித்துவிட்டான். வீட்டிலும் அதே கதைதான். பேசிக்கொண்டே இருப்பான், நடுவில் நின்றுவிடுவான். அதட்டினால் கையில் இருப்பதைத் தூக்கி எறிவான். திமிர் என்று நினைத்து நானும் அடித்திருக்கிறேன். அதை மறைத்துவிட்டு நன்றி மட்டும் எழுத மனசு வரவில்லை.

ஒரு கிளினிக்கில் பத்து நிமிடம் எங்களிடம் பேசிவிட்டு, பிள்ளையை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் 'ஹைப்பர் ஆக்டிவ்' என்று மருந்து எழுதினார்கள். இன்னொரு இடத்தில் ஆட்டிசம் என்றார்கள். மாமியார் தன் பங்குக்கு மந்திரித்துத் தாயத்துக் கட்டினார். அவரைக் குறை சொல்லமாட்டேன், அவராவது பிள்ளையை மடியில் உட்கார வைத்திருந்தார்.

அந்தப் பள்ளியில் இனி முடியாது என்று சொல்லிவிட்டதால் குடியாத்தத்திலேயே அரசுப் பள்ளிக்கு மாற்றினோம். முதல் நன்றி அங்கே சத்துணவுக் கூடத்தில் இருக்கும் அக்காவுக்கு. ஒருநாள் என்னை நிறுத்திச் சொன்னார்: "சோத்த வாய்கிட்ட கொண்டுபோயி அப்படியே நிக்கிறாம்மா. கண்ணு மட்டும் படபடன்னு சிமிட்டுது. பத்து எண்றதுக்குள்ள மறுபடி சாப்புடறான். கூப்பிட்டேனான்னு கேட்டா தெரியலன்றான். இது திமிரு இல்ல."

அவர் சொன்ன பிறகு வகுப்பு டீச்சர் டிக்டேஷன் நோட்டை எடுத்துக் காட்டினார். ஒரு வரி சரியாக இருக்கும், அடுத்த வரியில் இரண்டு சொல் இருக்காது, அப்புறம் மறுபடி சரியாக இருக்கும். நான் ஆம்பூரில் ஷூ கம்பெனியில் தையல் வேலை செய்கிறேன். மெஷின் ஓடிக்கொண்டே இருக்கும், நடுவில் நாலு தையல் மட்டும் விழாமல் போயிருக்கும். அந்த நோட்டைப் பார்த்ததும் எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது.

கோடை விடுமுறையில் மாடி வீட்டுக் கல்லூரிப் பெண் அவனோடு கேரம் ஆடிக்கொண்டே போனில் வீடியோ எடுத்தாள். ஸ்ட்ரைக்கரில் விரலை வைத்தவன் அப்படியே உறைந்துபோவது அதில் தெளிவாகத் தெரிந்தது. டாக்டர் முன்னால் பிள்ளைகள் எதையும் காட்டமாட்டார்கள், அதனால் அந்த வீடியோதான் எங்களுக்குச் சாட்சி.

எங்கள் ஊர் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா முடிந்த அடுத்த வாரம் வேலூர் பாகாயம் போனோம். பாகாயம் போகிறேன் என்றால் எங்கள் பக்கத்தில் என்ன அர்த்தம் எடுத்துக்கொள்வார்கள் என்று உங்களுக்கே தெரியும். வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவு அங்கேதான் இருக்கிறது. அதற்குப் பயந்தே இரண்டு வருடத்தைத் தொலைத்தோம். வங்காளத்திலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் ஜனங்கள் ரயிலேறி வந்து காட்பாடியில் இறங்குகிறார்கள். நாங்கள் இதோ, இங்கே இருக்கிறோம்.

அங்கே இருந்த டாக்டரம்மா வீடியோவை மூன்று தடவை பார்த்தார். பிறகு மேஜையிலிருந்து ஒரு காகிதக் காற்றாடியை எடுத்து, "நிக்காம சுத்தணும், ஊது பாக்கலாம்" என்று அவனிடம் கொடுத்தார். விடாமல் ஊதினான். இரண்டு நிமிடம் ஆகியிருக்கும், ஊதல் நின்றது, கண் சிமிட்டியது, காற்றாடி கையிலேயே இருந்தது. நான் வாய் திறக்கப் போனேன். டாக்டர் கையைக் காட்டி என்னை நிறுத்தி, மெதுவாக எண்ணினார். பதினொன்று. அவன் மறுபடி ஊத ஆரம்பித்தான்.

இதுவும் வலிப்புதான் என்றார். ஆப்சென்ஸ் வலிப்பு என்று பெயராம். பெரும்பாலும் நாலு வயதிலிருந்து பத்து வயதுக்குள் தொடங்குமாம், ஒரு நாளைக்குப் பல தடவைகூட வருமாம். வேகமாக மூச்சு விட்டால் தூண்டப்படும் என்பதால்தான் காற்றாடி. "கை கால் இழுக்கல, நுர தள்ளல, இது இன்னா வலிப்பு?" என்று மாமியார் கேட்டார். எனக்கும் அதே சந்தேகம்தான். டாக்டர் சிரிக்காமல் பொறுமையாக விளக்கினார். அதற்கும் நன்றி.

மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் இ.இ.ஜி. பரிசோதனைக்கு முந்தைய இரவு அவனைச் சீக்கிரம் தூங்கவிடக் கூடாது என்றார்கள். எங்கள் தெருவே அன்று விழித்திருந்தது. இரண்டு மணி வரை மாற்றி மாற்றிக் கதை சொன்னீர்கள், ஒருவர் சுண்டல் செய்து கொண்டுவந்தீர்கள். மறுநாள் அந்தப் பேப்பரில் நொடிக்கு 3 என்று வரிசையாக எழும்பிய அலைகளைக் காட்டினார்கள். இரண்டு வருடமாகத் திமிர் என்று நான் அடித்தது அதைத்தான்.

வால்ப்ரோயேட் மருந்து தொடங்கினார்கள். அவ்வப்போது ரத்தப் பரிசோதனை உண்டு. பசி கூடிவிட்டது, ஆறாவது இட்லி கேட்கிறான். கடிப்பதும் எறிவதும் ஒரே நாளில் நிற்கவில்லை, மெல்ல மெல்லத்தான் குறைந்தது. ஒருநாள் அவனே சொன்னான், "இப்பல்லாம் நடுவுல கட் ஆவறதில்லமா. எல்லாருக்கும் அப்படித்தான் கட் ஆவும்னு நெனச்சேன்."

லீவுக்குச் சம்பளம் பிடிக்காத கம்பெனி சூப்பர்வைசருக்கும், விட்டுப்போன வரியை அலுக்காமல் திரும்பச் சொல்லும் டீச்சருக்கும் நன்றி.

சத்துணவு அக்கா, பாகாயம் போன அன்று நீங்கள் எலுமிச்சைச் சோறு கட்டிக் கொடுத்த தூக்குவாளி இன்னும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. திங்கட்கிழமை அவனிடமே கொடுத்தனுப்புகிறேன்.