இங்கே ஆறரை, அங்கே பதினொன்று

பொன்மலை, திருச்சி
23.8.2020, ஞாயிறு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நேற்றுப் பிள்ளையார் சதுர்த்தி. கொரோனாவால் தெருவில் பிள்ளையார் வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டதால் இந்த வருஷம் எல்லாம் வீட்டோடு முடிந்தது. அம்மா பூரணக் கொழுக்கட்டை செய்து, உன் பங்கை எடுத்து வைத்துவிட்டு, ராத்திரி அதை எதிர்வீட்டுக் குழந்தைகளுக்குக் கொடுத்தாள். இன்றைக்கு ஞாயிறு என்பதால் முழு ஊரடங்கு. பால்காரர் வந்து போனதோடு சரி, தெருவில் ஒரு சத்தமில்லை. வெளிநாட்டுத் தபால் எப்போது போய்ச் சேரும் என்று தெரியாது. அதனால் தம்பி இதைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவான். போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று பேச்சை மாற்றிவிடுவாய் என்பதால்தான் காகிதத்தில் எழுதுகிறேன்.

ஒன்பது நாளாக நீ வாசலைத் தாண்டவில்லை என்று அம்மாவிடம் சொன்னாயாம். மெல்போர்னில் மெர்ரி ஓடைக் கரையில் ஓடிக்கொண்டிருந்தபோது ஒரு வயதான அம்மாள் உன்னைப் பார்த்துச் சத்தம் போட்டதையும், முகக்கவசம் எங்கே என்று கேட்டுப் புதர் ஓரமாக ஒதுங்கி நின்றதையும் சொன்னாயாம். "நான் சட்டப்படிதானே ஓடினேன், எதற்கு என்னைத் திட்ட வேண்டும்" என்று அழுதாயாம். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு மனசு சரியில்லை.

நீ சொன்னது சரிதான். மூச்சிரைக்க ஓடுகிறவர் கவசத்தைக் கையில் வைத்திருந்தால் போதும், நடக்கிறவர்தான் கட்டாயம் போட வேண்டும் என்பது உங்கள் ஊர்ச் சட்டம். கடுமையாக உடற்பயிற்சி செய்யும்போது கவசம் வேண்டாம், மூச்சு முட்டும், வேர்வையில் நனைந்துவிடும் என்று உலகச் சுகாதார நிறுவனமும் சொல்லியிருக்கிறது. அதனால் நீ செய்தது குற்றமில்லை. அந்த அம்மாளும் குற்றவாளியில்லை, பாப்பா. ஆகஸ்ட் 5 அன்று ஒரே நாளில் 725 பேருக்குத் தொற்று என்று உங்கள் மாநிலக் கணக்கு வந்ததே, அதைக் கேட்ட வயதானவர்களுக்கு ராத்திரி தூக்கம் வந்திருக்குமா? பின்னாலிருந்து ஒரு பெண் மூச்சிரைக்க ஓடி வருகிறாள், பாதையோ குறுகல். அவர் பயந்துதான் சத்தம் போட்டிருப்பார். உன் நிறத்தைப் பார்த்துக் கோபப்பட்டாரா என்ற சந்தேகம் உனக்கு இருக்கிறது. இருந்திருக்கலாம். கூட இல்லாத நான் அதை இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தச் சந்தேகத்துக்காக, உடற்பயிற்சிக்கென்று தினமும் உனக்கு விட்டிருக்கிற ஒரு மணி நேரத்தை நீ விட்டுக்கொடுக்காதே.

கீரனூர்ப் பக்கம் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்த காலத்தை அடிக்கடி சொல்லியிருக்கிறேன். ஒற்றைத் தண்டவாளம். எதிரும் புதிருமாக இரண்டு வண்டி வந்தால் ஒன்று பக்கத்துத் தண்டவாளமான லூப் லைனில் ஒதுங்கி நிற்கத்தான் வேண்டும். டோக்கன் உருண்டை கையில் வராமல் டிரைவர் அடுத்த பகுதிக்குள் போக முடியாது. பிரம்பு வளையத்தில் கட்டிய பைக்குள் அந்த இரும்பு உருண்டையைப் போட்டு நான் நீட்டுவேன், ஓடுகிற எஞ்சினிலிருந்து கையை நீட்டி வாங்கிக்கொள்வார்கள். சின்ன வயசில் நீ பிளாட்பாரத்தில் நின்று பார்த்திருக்கிறாய். கிராசிங்குக்காகப் பத்து நிமிஷம் நின்ற வண்டியை யாரும் தோற்ற வண்டி என்று சொன்னதில்லை. ஒன்றரை மீட்டர் இடைவெளி விட முடியாத பாதை எல்லாமே ஒற்றைத் தண்டவாளம்தான். தூரத்தில் நரைத்த தலை தெரிந்தால் ஓட்டத்தை நடையாக்கு, கவசத்தை மேலே ஏற்று, புல்லில் இறங்கி நில். "பின்னால் வருகிறேன்" என்று பத்தடிக்கு முன்பே குரல் கொடு. அவர் கடந்து போனதும் மறுபடி ஓடு. அரை நிமிஷம் போகும், அவ்வளவுதான்.

அடுத்து நான் எழுதப்போவதைப் படிக்கும்போது உனக்குக் கோபம் வரும். வரட்டும்.

கார்டு மாமா வீட்டு அத்தை ஜூலையில் இறந்தபோது சர்க்கரை ஏறிவிட்டது என்று உன்னிடம் சொன்னோம். சர்க்கரை இருந்தது உண்மை. ஆனால் அவரைக் கொண்டுபோனது கொரோனா. எனக்கும் வந்தது. "நெட் சரியில்லை" என்று பத்து நாள் வீடியோவில் வராமல் இருந்தேனே, அப்போது நான் ஆஸ்பத்திரியில் இருந்தேன். விமானம் இல்லை, வந்தாலும் தனிமைப்படுத்துவார்கள், தெரிந்தால் நீ அங்கே தனியாகத் தவிப்பாய் என்று மறைத்துவிட்டோம். தப்புத்தான். அம்மாவுக்கும் தம்பிக்கும் பரிசோதனையில் இல்லை என்று வந்தது. எனக்கு இப்போது ஒன்றுமில்லை. மாடிப்படி ஏறினால் மட்டும் கொஞ்சம் இரைக்கிறது.

எப்படி வந்தது என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு நாளெல்லாம் யோசித்தேன். மார்ச் கடைசியிலிருந்து இங்கே நடைப்பயிற்சி என்ற பேச்சுக்கே இடமில்லை. காலையில் நடக்க வந்தவர்களைப் போலீஸ்காரர்கள் தோப்புக்கரணம் போட வைத்த ஊர்களும் உண்டு. நாங்கள் வழக்கமாக நடக்கிற ஜி கார்னர் மைதானத்துக்குக் காந்தி மார்க்கெட் மொத்த வியாபாரமே வந்துவிட்டது. ராத்திரி முழுக்க லாரியும் வெங்காய மூட்டையும்தான். ஜூனில் கட்டுப்பாடு தளர்ந்ததும் நானும் கார்டு மாமாவும் இன்னும் ஒருவருமாக விடியற்காலை ரயில்வே காலனித் தெருக்களில் நடக்க ஆரம்பித்தோம். ஆளுக்கு ஆறடி விட்டுத்தான் நடந்தோம், கவசமும் போட்டிருந்தோம். அதில் நாங்கள் குறை வைக்கவில்லை.

நடந்து முடித்த பிறகுதான் கெட்டது. பாலத்துக் கட்டையில் மூன்று பேரும் தோள் உரச உட்காருவோம். பார்சல் டீயைக் காகிதக் கப்பில் ஊற்றி, கவசத்தைத் தாடைக்கு இறக்கி, அரை மணி நேரம் பேசுவோம். மூன்று மாதம் பேசாமல் கிடந்த பேச்சு. ஒருவர் சொன்னதற்கு மற்றவர் முகத்துக்கு நேரே சிரிப்போம். மாமாவுக்குக் காய்ச்சல் கண்ட மூன்றாம் நாள் எனக்கும் வந்தது. யார் யாருக்குக் கொடுத்தோம் என்று சொல்ல முடியாது. அத்தை மார்ச்சிலிருந்து வாசற்படிகூட இறங்காதவர். உனக்கு ஒவ்வொரு லீவுக்கும் முறுக்கு சுற்றிக் கொடுத்தவர். மாமா இப்போது மாடி வராந்தாவில் தனியாக உட்கார்ந்திருக்கிறார். நான் தெருவில் நின்றுதான் அவரிடம் பேசிவிட்டு வருகிறேன்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், திறந்த வெளியில் காற்று நம் மூச்சைக் கலைத்துக் கொண்டுபோய்விடுகிறது. ஒருவரைக் கடந்து போகிற இரண்டு விநாடியைவிட, ஒரே இடத்தில் முகத்துக்கு முகம் நின்று பேசுகிற அரை மணி நேரம்தான் ஆபத்து. உன் ஓட்டத்துக்கும் இரண்டு முனை இருக்கிறது. மூன்றாவது மாடியிலிருந்து இறங்குகிற லிப்ட் ஒன்று. அதில் வேறு யாராவது இருந்தால் படியில் இறங்கு, உன் காலுக்கு அது ஒன்றும் பெரிதில்லை. கதவுக் கைப்பிடியைத் தொட்ட கையால் முகத்து வேர்வையைத் துடைக்காதே. இன்னொரு முனை, ஓடி முடித்ததும் தோழியோடு காபி வாங்கி நிற்பது. வீட்டார் தவிர்த்து ஒருவரோடு சேர்ந்து பயிற்சி செய்யலாம் என்று உங்கள் விதியில் இடம் இருக்கிறது, நல்லது. அவளோடு பேசிக்கொண்டே நட, நிற்காதே. குடிக்கிற சாக்கில் கவசத்தை இறக்கிக்கொண்டு ஒரு மணி நேரமும் கப்போடு திரிகிறவர்களைப் பற்றி நீயே சொன்னாய். அந்தக் கூட்டத்தில் சேராதே. நனைந்த கவசத்தைத் திரும்பப் போடாமல், காய்ந்தது ஒன்றைத் தனியாக ஒரு சின்ன உறையில் வைத்துக்கொள்.

ஆபீஸ் நண்பர்கள் காரில் செயின்ட் கில்டா கடற்கரைக்குப் போகலாம், யார் பார்க்கப் போகிறார்கள் என்று கூப்பிட்டதாகவும் அம்மா சொன்னாள். உன் வீட்டிலிருந்து அது உங்களுக்கு அனுமதித்திருக்கிற ஐந்து கிலோமீட்டருக்கு மேல் இருக்கும் என்று நினைக்கிறேன், நீயே அளந்து பார். 1,652 டாலர் அபராதத்துக்குப் பயந்து போகாதே என்று சொல்லவில்லை. ஜூலையில் பிளெமிங்டனிலும் நார்த் மெல்போர்னிலும் ஒன்பது அடுக்குமாடிகளைப் பூட்டினார்களே, ஞாபகமிருக்கிறதா? சுமார் 3,000 பேர். நடக்கக்கூட வெளியே விடவில்லை. ஆல்பிரட் தெருவில் ஒரு கட்டடத்துக்குப் பதினான்கு நாள். ஜன்னலில் குழந்தைகள் நிற்கிற படத்தை நீதான் அனுப்பினாய், அதைப் பார்த்து அம்மா ரொம்ப நேரம் பேசவில்லை. ஸ்பெயினில் மார்ச் நடுவிலிருந்து மே 2 வரை பெரியவர்கள் யாரும் உடற்பயிற்சிக்கென்று தெருவில் கால் வைக்க முடியவில்லை. திறந்துவிட்டபோது முதியவர்களுக்கென்று தனி நேரம் ஒதுக்கினார்களாம். பேப்பரில் படித்தபோது அது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. உனக்குக் கிடைத்திருக்கிற ஒரு மணி நேரம் எத்தனையோ பேருக்குக் கிடைக்காதது. அதை நேர்மையாக எடுத்துக்கொள்.

எடுத்துக்கொள்ளாமல் விடுவதும் எனக்குச் சம்மதமில்லை. வயது வந்தவர்களுக்கு வாரத்துக்கு 150 நிமிஷம் மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்கிறார்கள். உன் கையில் இருப்பது 420. பாதியாவது செலவழி. அண்ணா ஸ்டேடியத்தில் 1500 மீட்டர் ஓடிவிட்டு, மூச்சு அடங்குவதற்குள் "அப்பா, பசிக்குது" என்று ஓடி வருகிற பெண் நீ. போன வாரம் வீடியோவில் மத்தியானம் மூன்று மணிக்கும் திரையை இழுத்துவிட்டு இருட்டில் உட்கார்ந்திருந்தாய். தட்டில் பிரெட்டைத் தவிர ஒன்றுமில்லை. குளிர்காலம், தனி அறை, எட்டு மணிக்கு மேல் வெளியே போகவும் தடை. இதில் பகல் வெயிலும் உன் மேல் படாவிட்டால் எப்படி? ஓட வேண்டாம், நட. ஓடையோரம் வாட்டில் மரம் மஞ்சளாகப் பூத்திருக்கிறது என்று படம் அனுப்பினாயே, அதைப் போய்ப் பார்த்துவிட்டு வா. ஓடை கூட்டமாக இருந்தால் உன் வீட்டுப் பின்தெருக்களில் சுற்று. பிற்பகலில் எல்லாரும் ஒரே நேரத்தில் இறங்குகிறார்கள் என்றாய். நீ முற்பகலில் இறங்கு.

நான் மாடியில்தான் நடக்கிறேன். அம்மா கோலமாவில் பெரிய எட்டு ஒன்று போட்டுத் தந்திருக்கிறாள். எட்டு நடந்தால் எல்லா வியாதியும் போகும் என்று வாட்ஸ்அப்பில் வருவதை நான் நம்பவில்லை. ஆனால் சின்ன மாடியில் ஒரே பக்கமாகச் சுற்றினால் தலை சுற்றுகிறது, எட்டில் இடமும் வலமுமாகத் திரும்புவதால் அது இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த புதிதில் ஐந்து நிமிஷத்துக்கே கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இப்போது இருபது நிமிஷம் முடிகிறது. மாவு அழிய அழிய அம்மா புதிதாகப் போடுகிறாள்.

நாளைக் காலை ஆறரைக்கு மாடி ஏறுவேன். உனக்கு அது பதினொரு மணி. வேலைக்கு நடுவில் அந்த நேரத்தைக் கேட்டு வாங்கிக்கொள், கேட்டால் கொடுப்பார்கள். நீ கீழே இறங்கி வாசலுக்கு வந்ததும் ஒரு மிஸ்டு கால் கொடு. அது வந்த பிறகு நான் முதல் அடி எடுத்து வைக்கிறேன்.

திட்டுவதென்றால் சாயங்காலம் கூப்பிட்டுத் திட்டு. அம்மாவைத் திட்டாதே, மறைக்கச் சொன்னது நான்தான்.

அன்புடன்,
அப்பா