கனடாவின் கிச்சினர் நகரில் இருக்கும் மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

சின்னவளின் படம் கிடைத்தது. முன்பல் விழுந்ததோடு அப்படியே அப்பம்மாவின் முகம். அவளுக்குப் பின்னால், சுவரோடு பெட்டிகள் அடுக்கியிருந்தன. குளிர் உடுப்புகளை எடுத்து வைக்கிறாய் போல.

அப்பாவுக்குச் சீனி கொஞ்சம் இறங்கியிருக்கிறது. கோயிலில் மார்க்கம் நகரில் இருக்கிற மாமியைக் கண்டேன். அவ என்ன சொன்னா என்று எழுத மாட்டேன். அப்பாவிடமும் சொல்லவில்லை.

ஒன்று சொல்கிறேன், கோபிக்காதே. எந்த வீட்டுக்காரராவது தன் பிள்ளை குடிவரப் போகிறது, வீட்டை விடுங்கள் என்று என்-12 கடிதம் தந்தால், பார்த்தவுடனே பயந்து வெளிக்கிடக் கூடாது. உனக்கு வந்திருக்கிறது என்று நான் சொல்லவில்லை. வந்தால் என்று சொல்கிறேன். 60 நாள் தவணை தர வேண்டும். 60 நாள் தவணை என்றால் ஒரு மாத வாடகைக் காசும் தர வேண்டும். தவணை முடிந்தாலும், வாடகை வழக்குகளைப் பார்க்கிற லான்ட்லோர்ட் அன்ட் டெனன்ட் போர்ட் விசாரித்துக் கட்டளை தரும்வரை உங்களை யாரும் வீட்டைவிட்டு எழுப்ப முடியாது. வருகிற பிள்ளை ஒரு வருடமாவது அங்கே இருக்கிற எண்ணத்தோடு வர வேண்டும். மருமகன் யாரோடும் எதிர்த்துக் கதைக்காத மனிசன், போ என்றால் சாமான் கட்டத் தொடங்கிவிடுவார். நீ விடாதே.

புதுக் கொண்டோ, மாடி வீடு என்று ஓடிப்போய்க் கையெழுத்தும் வைக்காதே. 2018 நவம்பர் 15க்குப் பிறகுதான் அதில் முதன்முதலாக ஆட்கள் குடிவந்தார்கள் என்றால், வாடகை கூட்டுவதற்குப் பழைய வீடுகளுக்கு இருக்கிற உச்சவரம்பு அதற்கு இல்லை. அடுத்த வருடம் எவ்வளவு கூட்டினாலும் கேட்க முடியாது. முதலில் இதை விசாரி. கடிதம் வந்தால் பயந்து வெளிக்கிடாதே.

தைப்பொங்கலுக்கு எல்லாருக்கும் முன்னால் உன்னிடம் சொன்னேனே, நாங்கள் 1989இல் இரண்டு சூட்கேசோடு வந்து 1998இல் வீடு வாங்கினோம், நீ இங்கே பிறந்து, படித்து, நேர்ஸாகி இன்னும் வாடகைக்கு இருக்கிறாய் என்று. நீ ஒன்றும் பேசாமல் எழுந்துபோய்க் கோப்பை கழுவினாய். நான் சொன்னது பிழை. எங்களுக்கு இந்த வீடு 1,68,000 டொலருக்குக் கிடைத்தது. 2022 பெப்ரவரியில் ரொறன்ரோப் பக்கம் சராசரி விலையே 13 இலட்சத்தைத் தாண்டிவிட்டது. அப்பா இரண்டு வேலைக்கு ஓடியது உண்மைதான். இரண்டு வேலைக்கு ஒரு வீடு கிடைத்த காலம் அது.

போன மாதம் நூலகத்தில் சீனியர்ஸ் கூட்டத்துக்கு ஒரு பெண் வந்து விளக்கினா. ஒரு குடும்பத்துக்கு வீட்டுத் தேவை இருக்கிறதா என்று மூன்று விதமாகப் பார்ப்பார்களாம். பெரிய திருத்தவேலை இருக்கிற வீடா, ஆட்களுக்கு அறை காணுமா, வரி கழிக்க முந்திய வருமானத்தில் 30 வீதமோ அதற்கு மேலோ வீட்டுக்கே போகிறதா என்று. 2021 குடிசனக் கணக்கில் கனடாவில் பத்தில் ஒரு குடும்பம் அப்படித் தேவையில் இருந்ததாம். புதிதாக வந்தவர்களில் இன்னும் கூடவாம். ஐந்து வயதோ அதற்கு மேலோ என்றால் ஆண் பிள்ளைக்கும் பெண் பிள்ளைக்கும் தனித்தனி அறை வேண்டும் என்பதும் அவர்களுடைய கணக்கு. எனக்குப் பெரியவனும் சின்னவளும்தான் நினைவுக்கு வந்தார்கள். பிறகு பார்லமென்ட் வீதி அப்பார்ட்மென்ட். ஓரறை வீட்டில் ஒன்பது பேர், சித்தப்பா குசினிக்குள் பாய் விரித்துப் படுப்பார். அதற்குத் தேவை என்று பெயர் வைக்க எங்களுக்குத் தெரியாது. வந்து இறங்கிய சனம் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தோம். இங்கேயே பிறந்த வெள்ளைக்காரருக்கு அந்தக் கஷ்டம் இல்லை என்றும் நினைத்தேன்.

அந்த நினைப்பில்தான் எங்கள் பேஸ்மென்டில் வாடகைக்கு இருந்த அந்த மனிசியை எழுப்பினேன்.

அவ நியூஃபவுண்ட்லாந்தில் பிறந்தவ. 1986இல் உயிர்காப்புப் படகுகளில் மிதந்த எங்கள் ஆட்கள் 155 பேரைத் தன் ஊர்ப்பக்கத்து மீனவர்கள் காப்பாற்றினார்கள் என்று எத்தனை தரம் உனக்குச் சொல்லியிருப்பா. ஆறு வருடம் 975 டொலருக்கு இருந்தா, ஒரு மாதம் தவறவில்லை. 2022இல் வட்டி ஏறத் தொடங்கியதும் எனக்குப் பயம் பிடித்தது. பக்கத்து வீட்டுப் பேஸ்மென்ட் 1,700க்குப் போனது. உன்னைக் கூப்பிட்டு அந்த என்-12 ஃபோமை நிரப்பச் சொன்னேன். "தம்பி வாறானா அம்மா?" என்று கேட்டாய். ஓம் என்றேன்.

தம்பி மொன்றியலை விட்டு வரும் எண்ணத்தில் இருக்கவே இல்லை, பிள்ளை. எனக்கு அது தெரியும். தெரிந்துகொண்டுதான் உன் கையால் எழுதுவித்தேன். மூன்றாம் மாதம் கீழே படிக்கிற பிள்ளைகள் மூன்று பேரைக் கண்டாய். ஒன்றும் கேட்கவில்லை. அதற்குப் பிறகுதான் உன் ஃபோன் குறைந்தது. வேலை கூட என்று நான் எல்லாருக்கும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அவவை இரண்டு வருடத்துக்குப் பிறகு எக்ளின்டன் பஸ்ஸில் கண்டேன். தங்கச்சி வீட்டு ஹோலில், சோபாவில் படுக்கிறா. அப்பாவின் சுகம் கேட்டா. என் வாயில் மன்னிப்பு என்ற சொல் வரவில்லை. இரண்டு தரிப்பு முந்தியே இறங்கிவிட்டேன்.

இப்போது எனக்கு உண்மையாகவே பேஸ்மென்ட் தேவை. கீழே இருக்கிற பிள்ளைகளுக்கு நான் கடிதம் கொடுத்தால் இந்த முறை பொய் இல்லை. ஆனாலும் கை வரவில்லை. ஒருத்திக்கு ஏப்ரலில் கடைசிச் சோதனை. மேலே தம்பியின் அறை சும்மா இருக்கிறது. ஹோலை மறித்து ஒரு தடுப்பு அடித்தால் பெரியவனுக்கும் ஓர் அறை வரும். அப்பாவிடம், பேரப்பிள்ளைகள் விடுமுறைக்கு வந்தால் படுக்க இடம் வேண்டும் என்று சொல்லி அளவெடுக்க வைத்திருக்கிறேன்.

வரச்சொல்லி நெருக்கவில்லை. கடிதம் ஏதும் வந்திருந்தால் அதைப் படமெடுத்து எனக்கு அனுப்பு. திகதியையும் யார் குடிவருவதாக எழுதியிருக்கிறது என்பதையும் பார். போர்டில் சாட்சி சொல்ல ஆள் தேவையென்றால் வருவேன். நான் செய்ததையும் சொல்லத்தான் வேண்டுமென்றால் அங்கே வைத்துச் சொல்கிறேன்.

இரவு ஒன்பதுக்குப் பிறகு எடு. அப்பா படுத்துவிடுவார்.

அம்மா