மருமகள் சொன்ன ஒரு வரி

திண்டுக்கல்
ஞாயிறு மாலை

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. அன்று இரவே போன் போட்டேன். பட்டறையில் லேத் ஓடுகிற சத்தத்தில் நான் சொன்னதில் பாதிதான் உனக்குக் கேட்டிருக்கும். "கோபத்துல சொன்னதுடா, விடு" என்று வைத்துவிட்டாய். என்னால் விட முடியவில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நாலு பக்கக் கடிதத்தில் மூன்றரைப் பக்கம் பேங்க் கடனும், வராத பாக்கியும், அத்தையின் கண் ஆபரேஷனும். கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி: "நான் இல்லாமப் போயிட்டா உங்களுக்கு நிம்மதிதானேன்னு உன் மருமகள் அவ அம்மாகிட்ட சொல்றாளாம். பத்தாவது படிக்கிற பிள்ளைக்கு வாயைப் பார்த்தாயா?"

அதை வாய் என்று எடுத்துக்கொள்ளாதே மாப்ளே. கோபத்தில் சொன்னதாகவே இருக்கலாம். ஆனால் அதை நீயும் நானும் ஊகிக்கக் கூடாது, அவளிடமே கேட்க வேண்டும். நீயோ தங்கச்சியோ, இருவரில் அவள் யாரிடம் இன்னும் கொஞ்சமாவது பேசுகிறாளோ அவர், தனியாக இருக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து, "செத்துப் போகணும்னு தோணுதாம்மா?" என்று நேராகவே கேளுங்கள். இல்லாத நினைப்பை நாமே கிளப்பிவிட்டதாகிவிடுமோ என்று தங்கச்சி பயப்படும். அப்படி ஆவதில்லை. கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது என்று மனநல மருத்துவர்கள் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். ஏற்கெனவே இருந்தால் அதை இறக்கிவைக்க ஓர் ஆள் கிடைத்துவிடுகிறது, அவ்வளவுதான். ஆமாம் என்று சொன்னாலோ, பதிலே சொல்லாமல் அழுதாலோ, அவளைத் தனியாக விடாதீர்கள். அன்றைக்கே அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போய்விடு. ராத்திரி நேரமென்றால் 14416-க்குப் போன் செய். டெலி மானஸ் என்று 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய மனநல உதவி எண். எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசுவார்கள், காசு கிடையாது. அப்புறம், அத்தையின் மாத்திரை டப்பாவைக் கொஞ்ச நாளைக்குத் தங்கச்சி பீரோவில் வைத்துப் பூட்டட்டும்.

இவ்வளவு பதறுகிறானே என்று நினைப்பாய். உனக்குச் சொல்லாத ஒன்று இருக்கிறது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், உன் மருமகன் பத்தாவது படித்தபோது, அரையாண்டுத் தேர்வில் கணக்கில் 38 வாங்கினான். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் நான் கணக்குச் சொல்லித் தருகிறேன், என் வீட்டில் 38. நான் அவனை அடிக்கவில்லை, திட்டக்கூட இல்லை. பேச்சை நிறுத்திவிட்டேன். பதினோரு நாள். சாப்பாட்டுக்குக்கூட அவன் அம்மா வழியாகத்தான் செய்தி போகும். நாமெல்லாம் பெல்ட்டடி வாங்கி வளர்ந்தோம், நான் பிள்ளையைத் தொட்டதுகூட இல்லை என்று உள்ளுக்குள் எனக்கு ஒரு பெருமையே இருந்தது.

அப்புறம் தை மாதத்தில் அவனுக்குக் காலை காலையாக வயிற்றுவலி வந்தது. டெஸ்ட் இருக்கிற நாளில் கட்டாயம் வரும். ஸ்கேன் எடுத்தோம், ரத்தம் பார்த்தோம், அல்சர் சிரப் மூன்று பாட்டில் காலியானது. ஒன்றும் பிடிபடவில்லை. கடைசியில் வயிற்றைப் பார்த்த டாக்டரே ஒரு சீட்டு எழுதி மனநலப் பிரிவுக்கு அனுப்பினார். அங்கே இருந்த டாக்டரம்மா என்னை வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு அவனோடு முக்கால் மணி நேரம் பேசினார். பிறகு என்னை உள்ளே கூப்பிட்டு ஒன்று கேட்டார். "உங்க பைக் பைக்குள்ள தண்ணி பாட்டில் நிரப்பி வைக்கிறது யாருங்க சார்?"

என் மனைவிதான் என்றேன். இல்லை என்றார். அந்தப் பதினோரு நாளும் நான் எழுவதற்கு முன் எழுந்து, பாட்டிலை அலசி, தண்ணீர் நிரப்பி, பையில் வைத்தவன் அவன்தான். ஒருநாளாவது "பாட்டிலை நீயா வெச்ச?" என்று கேட்பேன் என்று காத்திருந்திருக்கிறான். நான் குடித்துவிட்டுக் காலி பாட்டிலை மேசைமேல் வைத்துக்கொண்டிருந்தேன், நாள் தவறாமல். "அப்பா ரெண்டு அடி அடிச்சிருந்தாக்கூட நல்லா இருந்திருக்கும்" என்று அவரிடம் சொல்லியிருக்கிறான்.

அந்த பெஞ்சிலிருந்து வந்த பிறகுதான், பி.எட்.டில் பத்து மார்க்குக்கு மனப்பாடம் செய்து எழுதியதைத் திரும்ப எடுத்து ஒழுங்காகப் படித்தேன். டயானா பாம்ரிண்ட் என்று ஓர் உளவியலாளர். 1960களில் கலிபோர்னியாவில் பெர்க்லியில் நர்சரிப் பிள்ளைகளையும் அவர்கள் வீடுகளையும் கவனித்து, வளர்ப்பை மூன்றாகப் பிரித்தார். 1983-ல் எலினார் மக்கோபி, ஜான் மார்ட்டின் இருவரும் இன்னொன்றைச் சேர்த்தார்கள். நம் பேச்சில் சொன்னால் எல்லாமே உனக்குத் தெரிந்த வீடுகள்தான். ஒன்று, அதட்டி வளர்க்கிற வீடு: நான் சொன்னால் சொன்னதுதான், ஏன் என்று கேட்காதே. இரண்டாவது, செல்லம் கொடுக்கிற வீடு. மூன்றாவது, பின்னால் அந்த இருவர் சேர்த்தது, தண்ணி தெளித்து விட்டுவிடுகிற வீடு. நாலாவதில் கண்டிப்பும் இருக்கும், பாசமும் இருக்கும், ஏன் இந்தச் சட்டம் என்று பிள்ளை கேட்டால் பதிலும் கிடைக்கும். வளரிளம் பருவப் பிள்ளைகளை வைத்து அதற்குப் பிறகு எத்தனையோ ஆய்வுகள் நடந்தன. தண்ணி தெளித்து விடப்பட்ட பிள்ளைகள்தான் எல்லாவற்றிலும் பின்தங்குகிறார்கள். செல்லப் பிள்ளைகளுக்குத் தன்னம்பிக்கை குறையவில்லை, ஆனால் படிப்பில் பிடிப்பு இல்லை, சிகரெட் குடி என்று சீக்கிரம் போகிறார்கள். அதட்டி வளர்க்கப்பட்ட பிள்ளைகள் சொன்ன பேச்சைக் கேட்கிறார்கள், தங்களைப் பற்றிய எண்ணம்தான் தாழ்ந்து கிடக்கிறது. கண்டிப்பும் பாசமும் சேர்ந்த வீட்டுப் பிள்ளைகள்தான் பெரும்பாலும் தேறி வருகிறார்கள்.

இதைவிட என்னைப் பிடித்து உலுக்கியது பிரயன் பார்பர் 1990களில் எழுதியது. கண்டிப்பிலேயே இரண்டு உண்டு என்கிறார். பிள்ளையின் நடத்தைக்கு வரம்பு போடுவது ஒன்று: எத்தனை மணிக்கு வீட்டுக்கு வர வேண்டும், யாரோடு எங்கே போகலாம். அவள் மனதையே கையில் பிடித்துக்கொண்டு இழுப்பது இன்னொன்று: பேச்சை நிறுத்துவது, "உனக்காகத்தான் நான் இப்படி நாயா உழைக்கிறேன்" என்று குத்திக்காட்டுவது, "பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பார்" என்பது, மார்க் வந்தால் மகள், வராவிட்டால் யாரோ என்று நடப்பது. முதலாவது அளவாக இருந்தால் பிள்ளை தடம் மாறாமல் இருக்க உதவுகிறது. இரண்டாவது மனச்சோர்வோடு சேர்ந்தே வருகிறது. நான் அடிக்காமல் செய்தது இந்த இரண்டாவதைத்தான். பெயர் தெரியாமலேயே செய்திருக்கிறேன்.

இதெல்லாம் வெள்ளைக்காரன் கணக்கு, நம்மூருக்கு ஒத்துவராது என்பாய். அதிலும் பாதி நியாயம் இருக்கிறது. 1994-ல் ரூத் சாவ் என்பவர் அமெரிக்காவில் வாழும் சீனக் குடும்பங்களைப் பற்றி இதையேதான் எழுதினார். அங்கே அம்மாவின் கண்டிப்பு அக்கறையும் பயிற்சியும் கலந்தது, அதை அமெரிக்க அளவுகோலால் அளந்தால் தப்பாகத்தான் தெரியும் என்று. நம் வீடுகளுக்கும் அது பொருந்தும் என்றுதான் எனக்குப் படுகிறது. ஆனால் பார்பரும் கூட இருந்தவர்களும் இந்தியா, வங்கதேசம், சீனா, தென்னாப்பிரிக்கா, பாலஸ்தீனம் என்று பல ஊர்ப் பிள்ளைகளிடம் கேட்டு 2005-ல் வெளியிட்டார்கள். மனதைப் பிடித்து இழுக்கிற வளர்ப்பு எங்கேயும் மனச்சோர்வோடு சேர்ந்தே நின்றது. முருங்கையை ஒடித்து வளர்க்கணும், பிள்ளையை அடித்து வளர்க்கணும் என்று அத்தை சொல்வார்களே. முருங்கை ஒடித்த இடத்தில் துளிர்க்கும். பிள்ளைக்கு அந்த உடம்பு இல்லை மாப்ளே.

நாமும் அடி வாங்கித்தானே வளர்ந்தோம், நல்லாத்தானே இருக்கோம் என்று போனில் கேட்டாய். நல்லா வந்தவர்கள் நாம் கேட்கிறோம். ஹாஸ்டலில் 14-ஆம் நம்பர் அறையில் இருந்தவனை நீயும் நானும் இன்று கேட்க முடியாது. அரியர் ரிசல்ட் வந்த அன்று அவன் சொன்னதையும் நாம் வாய் என்றுதான் நினைத்தோம்.

இன்னொன்றையும் யோசித்துப் பார். உன் அப்பா பெல்ட்டை எடுத்தால் நீ எங்கே ஓடுவாய்? பெரியம்மா வீட்டுக்கு. அங்கே சாப்பிட்டு, ஆச்சி பக்கத்தில் படுத்து, மறுநாள் மதியம் வீடு திரும்புவாய். அதற்குள் அவர் கோபமும் ஆறியிருக்கும். மருமகள் எங்கே ஓடுவாள்? இரண்டு அறை போர்ஷன். அதில் அவள் அறைக் கதவின் தாழ்ப்பாளையும் நீ கழற்றிவிட்டாய்.

அந்தத் தாழ்ப்பாளையும் நீ உடைத்த போனையும் பற்றிச் சொல்ல வேண்டும். பயத்தில்தான் செய்தாய், எனக்குத் தெரியும். இந்த வயதுப் பெண்ணை வைத்திருக்கிற எந்த அப்பனுக்கும் அந்தப் பயம் வரும். ஆனால் ஸ்வீடனில் ஹாகன் ஸ்டாட்டின், மார்கரெட் கெர் என்று இருவர் 14 வயதுப் பிள்ளைகள் 703 பேரையும் அவர்கள் பெற்றோரையும் கேட்டு 2000-ல் ஒன்று எழுதினார்கள். பிள்ளை எங்கே போகிறது, யாரோடு பழகுகிறது என்று பெற்றோருக்குத் தெரிவது பெரும்பாலும் எப்படி? பிள்ளை தானாக வந்து சொல்வதால். துருவித் துருவிக் கேட்டதாலும் கட்டுப்பாடு போட்டதாலும் தெரிந்துகொண்டது கொஞ்சம்தான். நீ அவள் வாட்ஸ்அப்பைப் பார்த்தாய், டியூஷன் மாஸ்டரிடம் விசாரித்தாய், பையைக் கொட்டிப் பார்த்தாய். இவ்வளவுக்குப் பிறகும் அவள் மனதில் என்ன ஓடுகிறது என்று உனக்குத் தெரியவில்லை. எழுதியிருக்கிறாயே நீயே, "இவ மனசுல என்னதான் இருக்குன்னே தெரியலடா" என்று.

போனுக்கு நேரம் வை, வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. ராத்திரி பத்து மணிக்கு எல்லார் போனும், உன் போனும் சேர்த்து, ஹாலில் சார்ஜில் கிடக்கட்டும். ஆனால் அதை அவளோடு உட்கார்ந்து பேசி முடிவு செய். தாழ்ப்பாளைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை: அந்தக் கேள்வியைக் கேட்டு, டாக்டரையும் பார்த்து, மனது தெளிந்த பிறகு அதைத் திரும்பப் போடு. அவள் பார்க்கும்போது நீயே ஸ்குரூ டிரைவரை எடுத்துப் போடு.

காலை நாலரைக்கு எழுப்புகிறதையும் நிறுத்து. இந்த வயதில் உடம்பின் கடிகாரமே தள்ளிப் போகிறது. தூக்கத்தைக் கொண்டு வருகிற மெலட்டோனின் ராத்திரி தாமதமாகத்தான் சுரக்கும். பதினொன்றரைக்குத் தூங்கி நாலரைக்கு எழுந்தால் ஐந்து மணி நேரம். அவளுக்கு எட்டு மணி நேரமாவது வேண்டும். தூக்கம் கெட்ட பிள்ளைக்கு மனதும் கெடும், அப்புறம் அந்த அதிகாலைப் படிப்பும் நிற்காது. என் வகுப்பில் முதல் பீரியடில் தலை தொங்குகிற பிள்ளைகள் பாதிப் பேர் இப்படி எழுப்பப்பட்டவர்கள்தான்.

இதைப் படித்துவிட்டு எல்லாம் என்னால்தான் என்று நீ உடைந்துவிடக் கூடாது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 10 முதல் 19 வயதுக்குள் இருப்பவர்களில் ஏழில் ஒருவருக்கு ஏதாவது ஒரு மனநலச் சிக்கல் இருக்கிறது. உடம்புவாகு, பள்ளிக்கூடம், சிநேகிதிகள் என்று எத்தனையோ சேர்ந்துதான் அது வருகிறது. பிள்ளை சிடுசிடு என்றிருந்தால் பெற்றவர்கள் இன்னும் இறுக்குவார்கள், இறுக்கினால் அது இன்னும் சிடுசிடுக்கும். யார் முதலில் தொடங்கினார்கள் என்று தேடிக்கொண்டிருக்க வேண்டாம். இதில் முதலில் கையைத் தளர்த்த முடிந்தவன் நீ. உனக்கு நாற்பத்தெட்டு வயது, அவளுக்குப் பதினைந்து.

டாக்டரிடம் போனால் நாளைக்குக் கல்யாணப் பேச்சில் இடிக்கும் என்று தங்கச்சி சொல்லுமோ? என் வீட்டிலும் அந்தப் பேச்சு வந்தது. 2021-ல் யுனிசெஃப் 21 நாடுகளில் 15 முதல் 24 வயதுள்ளவர்களிடம் கேட்டது. மனச் சிக்கலுக்கு உதவி கேட்பது நல்லது என்று மற்ற நாடுகளையும் சேர்த்துச் சராசரியாக 83 சதவீதம் பேர் சொன்னார்கள். இந்தியாவில் 41 சதவீதம். பிள்ளைகளுக்கே இவ்வளவு கூச்சம் இருக்கிறது என்றால் அது நம்மிடமிருந்து ஒட்டிக்கொண்டதுதான். உன் மருமகன் ஏழெட்டு முறை அங்கே போனான். மூன்று முறை என்னையும் உட்கார வைத்துப் பேசினார்கள். வயிற்றுவலி எப்போது நின்றது என்றுகூட இப்போது நினைவில்லை. பத்தாவதில் கணக்கில் 61. பிளஸ் ஒன்றில் காமர்ஸ் எடுத்தான். எனக்கு மனம் ஆற ஒரு மாதம் ஆனது, அதை அவனிடம் சொன்னேன். "தெரியும்பா" என்றான். இப்போது பைக் பையில் பாட்டில் வைப்பது நான், அவன் பையிலும் ஒன்று.

இங்கே மழை பரவாயில்லை. உன் தங்கச்சிக்கு முட்டிவலி. எண்ணெய் போட்டுவிட்டு மாடிப்படி ஏறாமல் இருக்கச் சொன்னால் கேட்பதில்லை. அத்தைக்குக் கட்டு பிரித்த பிறகு இரண்டு வாரம் தலைக்குக் குளிக்க விடாதீர்கள், என் அம்மாவுக்கு அப்படித்தான் சொன்னார்கள். பேங்க் விஷயத்துக்கு என்னால் முடிந்தது ஒரு நாற்பதாயிரம், அடுத்த மாதம் சீட்டுப் பணம் வந்ததும் அனுப்புகிறேன். அதைப் பற்றி நீ ஒன்றும் பேசக் கூடாது.

அந்தக் கேள்வியை நாளை ராத்திரிக்குள் கேட்டுவிடு. புதன்கிழமை எனக்கு மதியத்துக்கு மேல் வகுப்பு இல்லை, நானே பஸ் ஏறி வருகிறேன். டாக்டரைப் பார்க்கப் போவதென்றால் நானும் கூட வருவேன். மருமகளிடம் மாமா புதன்கிழமை வருகிறார், உன்னைக் கேட்டார் என்று மட்டும் சொல். மார்க் எவ்வளவு என்று நான் கேட்டதாக மட்டும் சொல்லிவிடாதே.

உன்
மாப்ளே