டைமிங் பெல்ட் கிடைக்கிறது, மாட்டுகிற டூல்தான் கிடைப்பதில்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

கோவையில் கார் பட்டறை வைத்திருக்கிறேன். எங்கள் தொழிலில் தினமும் இடிக்கிற, ஆனால் பட்டறைக்கு வெளியே யாரும் பேசாத ஒரு விஷயத்தை உங்கள் பத்திரிகை வழியாகச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. பிஸ்டனோடு சேர்ந்து சுற்றுகிற கிராங்க் தண்டையும், வால்வைத் திறந்து மூடுகிற கேம் தண்டையும் நேரம் தப்பாமல் சேர்த்துச் சுற்றவைக்கிற பல் பெல்ட்தான் டைமிங் பெல்ட். ஒரு டீசல் காருக்கு அதை மாற்ற வேண்டுமா, பெல்ட், அதை இழுத்துப் பிடிக்கிற டென்ஷனர், ஐட்லர் உருளை, வாட்டர் பம்ப் எல்லாம் ஒரே பெட்டியாக ஆர்டர் போட்ட இரண்டொரு நாளில் வந்துவிடும். அதைச் சரியாக மாட்டுவதற்கு, கிராங்கும் கேமும் அசையாமல் பிடித்து வைக்கிற லாக் டூலைக் கேட்டால் மட்டும் ஸ்பேர்ஸ் கடையில் முழிப்பார்கள், "மார்க் போட்டு மாத்திடுங்கண்ணா, எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க" என்பார்கள்.

எல்லாரும் அப்படிச் செய்வது உண்மைதான். பழைய பெல்ட்டைக் கழற்றும் முன் புல்லியிலும் பெல்ட்டிலும் ஒயிட்னரால் கோடு போட்டு, அதே கோட்டைப் புது பெல்ட்டில் பல் எண்ணிப் போட்டு மாட்டுவது. மாருதி 800, பழைய சான்ட்ரோ மாதிரி பெட்ரோல் வண்டிகளில் புல்லியிலேயே கம்பெனி மார்க் இருக்கும், கவனமாகச் செய்தால் ஒரு வம்பும் வராது. ஹை பிரஷரில் டீசலைப் பீய்ச்சுகிற காமன் ரெயில் டீசல் எஞ்சினில் அந்தக் கணக்கு செல்லாது, ஏன் என்று கார் வைத்திருப்பவர்களுக்கும் தெரிய வேண்டும்.

ரெனோ டஸ்டரை எடுத்துக்கொள்ளுங்கள். 2012-ல் வந்த வண்டி, நம் ஓரகடத்தில் செய்தது. அதில் இருக்கிற 1.5 லிட்டர் கே9கே டீசல் எஞ்சின்தான் நிசான் டெரானோவிலும் டீசல் சன்னியிலும் இருக்கிறது. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 புகை விதி வந்ததும் அந்த டீசலை நிறுத்திவிட்டார்கள், ஆனால் விற்ற வண்டிகள் இன்னும் ரோட்டில்தான் ஓடிக்கொண்டிருக்கின்றன. இந்த எஞ்சினில் ஒரே பெல்ட் கேம் ஷாஃப்ட், டீசல் ஹை பிரஷர் பம்ப், வாட்டர் பம்ப் மூன்றையும் சுற்றுகிறது. பெல்ட் மாற்றும்போது இரண்டு லாக் பின் (குச்சி மாதிரி இரும்புத் துண்டு) வேண்டும். ஒன்று 8 மி.மீ. பின், கேம் புல்லியில் உள்ள ஓட்டை வழியாக எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டுக்குள் இறங்கும். அதற்கு 8 மி.மீ. டிரில் பிட்டின் அடிப்பக்கத்தைச் சொருகிச் சமாளிப்பவர்கள் உண்டு, அளவு சரியாக இருப்பதால் அது ஓரளவுக்கு வேலை செய்யும். இரண்டாவது பின்னில்தான் சிக்கலே. எஞ்சின் பிளாக்கில் ஒரு மூடி போல்ட்டைக் கழற்றி அந்த இடத்தில் அதைத் திருக வேண்டும், அப்புறம் கிராங்கை அது ஓடும் திசையிலேயே மெதுவாகச் சுற்றினால் உள்ளே கிராங்கின் பக்கவாட்டுப் பகுதி வந்து பின்னில் முட்டி நிற்கும். எங்கே நிற்கிறதோ அதுதான் டைமிங். பின்னின் நீளமோ முனையின் கனமோ கொஞ்சம் மாறினாலும் கிராங்க் நிற்கும் இடம் மாறிவிடும். கையில் கிடைத்த போல்ட்டை வைத்து இதைச் செய்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வண்டி ஸ்டார்ட் ஆகும், ஆனால் காலையில் இழுத்து இழுத்து ஸ்டார்ட் ஆகும், புகை வரும், ஏற்றத்தில் இழுவை இருக்காது. வண்டிக்காரர் இன்ஜெக்டர் போய்விட்டது என்று நினைத்து அதற்கு ஆயிரக்கணக்கில் செலவு செய்வார். டைமிங் இன்னும் அதிகமாகத் தப்பினால் பிஸ்டனும் வால்வும் ஒன்றோடொன்று மோதி, வால்வு வளைந்து, ஹெட்டையே இறக்க வேண்டி வரும்.

ஃபோக்ஸ்வேகன் போலோ, வென்டோ, ஸ்கோடா ரேபிட் டீசல்களில் வேறு மாதிரி. கேம் புல்லியின் மூன்று போல்ட்டும் நீளமான துளைக்குள் இருப்பதால், அவற்றைத் தளர்த்தினால் புல்லி முன்னும் பின்னும் நகரும். டென்ஷனரை இறுக்கும்போது அது நகரத்தான் வேண்டும், அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள். ஆகவே கோடு போட்டு வைத்தால் அந்தக் கோட்டுக்கு அர்த்தமே இல்லை. கிராங்கை ஒரு லாக் பிடித்திருக்க, கேமையும் பம்பையும் லாக் பின் பிடித்திருக்க, அதன் பிறகுதான் போல்ட்டை இறுக்க வேண்டும். இதில் கிராங்க் லாக்கே இரண்டு வகை: கிராங்க் பல்சக்கரம் முழு வட்டமாக இருந்தால் டி10050 என்ற நம்பர் டூல், நீள்வட்டமாக இருந்தால் டி10100. இரண்டும் பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், ஒன்று மற்றதற்குப் பொருந்தாது. ஆன்லைனில் ஒன்றை வாங்கிவிட்டு, வண்டியைப் பிரித்துப் போட்ட பிறகு பொருந்தவில்லை என்று என்னிடம் கேட்டு வரும் பையன்கள் இருக்கிறார்கள். பாவம், கடைக்காரர் போட்டிருக்கும் படத்தின் கீழே "எல்லா டீசலுக்கும்" என்றுதான் எழுதியிருக்கிறது.

அந்த ஆன்லைன் செட்டுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிளாஸ்டிக் பெட்டியில் பத்து இருபது பின் அடுக்கி வரும், எந்தப் பின் எந்த எஞ்சினுக்கு என்று சரியாக ஒரு தாள்கூட இருக்காது. சில பின்னை வெர்னியர் அளவுகோலில் பிடித்துப் பார்த்தால் அளவு குறைகிறது, சொருகினால் லொடலொடவென்று ஆடுகிறது. சிலது இரும்பே மட்டம். இன்னொரு பெரிய தப்பு: லாக் பின் போட்டிருக்கிறதே என்ற தைரியத்தில் அந்தப் பின்னையே பிடிமானமாக வைத்து கிராங்க் போல்ட்டைக் கழற்றுவது. பின் இடத்தைக் காட்டத்தான் இருக்கிறது, பலத்தைத் தாங்க இல்லை. நல்ல பின்னே இதில் வளையும், மட்டமானது உள்ளே உடைந்து நிற்கும். புல்லியைப் பிடிக்கத் தனி டூல் உண்டு, அதைத்தான் போட வேண்டும்.

வெளியே ஓடும் ஏ.சி., ஆல்டர்னேட்டர் பெல்ட்டுக்கும் இதே கதைதான். சில கார்களில் டென்ஷனரே கிடையாது, இழுபடுகிற ஸ்ட்ரெட்ச் பெல்ட். புல்லியில் மாட்டி எஞ்சினைக் கையால் சுற்றினால் பெல்ட்டை மெல்ல ஏற்றிவிடுகிற சின்ன டூல் ஒன்று இருக்கிறது, விலையும் பெரிதில்லை. அது இல்லாமல் ஸ்க்ரூ டிரைவர் போட்டு நெம்பி ஏற்றுகிறார்கள், பெல்ட்டுக்குள் இருக்கும் நூல் அங்கேயே அடிபட்டுவிடுகிறது, ஓரம் பிரிந்து சீக்கிரமே அறுகிறது, "பெல்ட் டூப்ளிகேட்" என்று பழி கடைக்காரருக்குப் போகிறது.

சரி, கம்பெனி டூலையே வாங்கிவிடலாமே என்றால் அங்கேதான் கதவு மூடியிருக்கிறது. ஒரு டீலர் சர்வீஸ் சென்டரில் போய்க் கேட்டேன். இந்த டூல் வெளியாருக்கு விற்பனைக்கு இல்லை, வண்டியை இங்கே கொண்டுவரச் சொல்லுங்கள் என்றார்கள். எல்லாருக்கும் கொண்டுபோக சர்வீஸ் சென்டர் எங்கே இருக்கிறது? மறைமலை நகர் ஃபோர்டு ஆலையில் 2022 ஜூலையோடு கார் தயாரிப்பு நின்றுவிட்டது, ஈகோஸ்போர்ட் டீசலுக்கும் டைமிங் பெல்ட்தான். சின்ன ஊரில் அந்த வண்டியை வைத்திருப்பவர் எங்களைப் போன்ற பட்டறைக்குத்தான் வருவார், வந்துகொண்டும் இருக்கிறார்.

இது புதுப் பிரச்சினையும் இல்லை. உதிரி பாகங்களையும் பழுது பார்க்கும் கருவிகளையும் வெளிப் பட்டறைகளுக்குக் கொடுக்காமல் டீலர்களுக்குள்ளேயே முடக்கி வைத்ததற்காக 2014 ஆகஸ்ட்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய் அபராதம் போட்டது. அப்பீல், கோர்ட் என்று அது இழுத்துக்கொண்டு போனது. 2022-ல் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை பழுது பார்க்கும் உரிமைக்காக ஒரு குழு அமைத்தது, அதில் எடுத்துக்கொண்ட நான்கு துறைகளில் வாகனமும் ஒன்று, அந்த டிசம்பரில் ஒரு இணையதளமும் திறந்தார்கள். நல்ல காரியம்தான். ஆனால் வாரன்டியும் கஸ்டமர் கேர் நம்பரும் இணையதளத்தில் போடுவதால் எனக்கு ஒரு லாக் பின் கிடைத்துவிடாது. எந்த எஞ்சினுக்கு எந்த டூல், அதன் நம்பர் என்ன, அளவு என்ன, விலை என்ன, எங்கே வாங்கலாம் என்று ஒவ்வொரு கம்பெனியும் அங்கே போட வேண்டும். வண்டியை நிறுத்திவிட்ட கம்பெனியும் போட வேண்டும், அவர்கள்தான் முதலில் போட வேண்டும் என்பேன். பெல்ட் கம்பெனிகளுக்கும் இதில் பங்கு உண்டு. கேட்ஸ், கான்டிடெக் போன்றவர்கள் வெளிநாட்டில் பெல்ட்டோடு மாட்டும் டூலையும் விற்கிறார்கள், நம் ஊர்க் கடைகளில் பெல்ட் இருக்கிற அலமாரியிலேயே அதையும் வைக்கலாமே.

அளவு மட்டும் வெளியே வந்துவிட்டால் மீதியை நாமே பார்த்துக்கொள்வோம். குறிச்சி சிட்கோவில் மைக்ரான் கணக்கில் வேலை செய்து ஏற்றுமதி செய்கிற லேத்துகள் இருக்கின்றன, ஒரு 8 மி.மீ. பின்னைக் கடைந்து ஹார்டனிங் செய்வது அவர்களுக்கு ஒரு வேலையே இல்லை. தமிழக அரசு டாடா டெக்னாலஜிஸோடு சேர்ந்து 71 அரசு ஐ.டி.ஐ.க்களைப் புது மெஷின்களோடு மேம்படுத்தியிருக்கிறது. அங்கே மோட்டார் மெக்கானிக் படிக்கிற பையன்களுக்கு இந்த டூல்களைக் கையில் கொடுத்துப் பழக்க வேண்டும், ஊர்ப் பட்டறைகள் டெபாசிட் கட்டி ஒருநாள் எடுத்துப்போகிற மாதிரி ஒரு செட்டும் வைக்க வேண்டும். மாதம் ஒரு டஸ்டர் வருகிற பட்டறையால் ஒவ்வொரு எஞ்சினுக்கும் தனித்தனி கிட் வாங்கி வைக்க முடியாது, அதனால்தான் ஒயிட்னர் கோட்டில் போய் நிற்கிறார்கள்.

கார் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று: மேனுவலில் போட்டிருக்கிற கிலோமீட்டர், வருடம் இரண்டில் எது முதலில் வருகிறதோ அப்போதே பெல்ட்டை மாற்றிவிடுங்கள், வண்டியை விடும் முன்னால் "இந்த எஞ்சினுக்கு லாக் டூல் இருக்கா?" என்று கேளுங்கள். நல்ல மெக்கானிக் கோபப்பட மாட்டார், எடுத்தே காட்டுவார்.

உங்கள் நிருபர்கள் ஒவ்வொரு கார் கம்பெனியிடமும் இதைக் கேட்க வேண்டும்: வெளிப் பட்டறைக்கு டைமிங் லாக் டூல் விற்பீர்களா, மாட்டீர்களா? அவர்கள் சொல்லும் பதிலைக் கம்பெனி பெயரோடு அப்படியே வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு கார் மெக்கானிக்,
சிங்காநல்லூர், கோவை.