பெற்றோருக்குப் பிறகும் அவர்களைப் பார்க்க ஆள் வேண்டும்: ஒரு நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் உள்ள நம் சாட்ஸ்வர்த்தில் பல வீடுகளில் அறிவுத்திறன் குறைபாடுள்ள பிள்ளைகளைப் பெற்றவர்கள் கண்ணுக்குள் வைத்து வளர்த்தார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு இப்போது ஐம்பது, அறுபது வயது. வளர்த்தவர்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அப்புறம் அண்ணன் வீட்டில் கொஞ்ச நாள், சித்தி மகள் வீட்டில் கொஞ்ச நாள் என்று அலைச்சல்தான். மனதார வைத்துப் பார்ப்பவர்கள் உண்டு, அவர்களுக்குக் கோடி நன்றி. சில வீடுகளிலோ அரசு உதவித்தொகை வாங்கும் சாசா கிராண்ட் அட்டைக்கு இருக்கும் மதிப்பு அதற்கு உரியவருக்கு இல்லை.

எங்கள் குழுவினர் பார்க்கப்போன ஒரு வீட்டில், தலையணைக்கு அடியில் காய்ந்த ரொட்டித் துண்டுகள் பிளாஸ்டிக் பையில் முடிந்து கிடந்தன. அடுத்த வேளை சாப்பாடு வருமா என்று தெரியாத ஒரு அக்கா எடுத்து வைத்தவை. அவருக்குப் பேச்சு வராது. யாராவது கை தூக்கினால் முகத்தை மூடிக்கொள்வார். திடீரென்று சாப்பிட மறுப்பது, படுக்கையை நனைப்பது, ஒருவரைக் கண்டால் மட்டும் ஒதுங்குவது, இவையெல்லாம் வாய் பேசாதவர்கள் செய்யும் புகார். "வயசாயிடுச்சு, அப்படித்தான்" என்று விட்டுவிடுகிறோம். டவுன் சிண்ட்ரோம் என்ற பிறவிக் குறைபாடு உள்ளவர்களுக்கு மறதி நோய் சீக்கிரமே வருவதுண்டு என்பதால் டாக்டரிடம் காட்டுவதும் அவசியம்.

ஏதாவது ஒரு விடுதியில் சேர்த்துவிட்டால் போதும் என்பதும் சரியில்லை. 2016-இல் கவுட்டெங் மாகாணத்தில் லைஃப் எசிடிமெனி மனநலப் பராமரிப்பு நிலையங்களிலிருந்து முறையான உரிமம் இல்லாத இடங்களுக்கு மாற்றப்பட்டவர்களில் 144 பேர் இறந்தார்கள். பசியும் தாகமும் குளிரும் பலரைக் கொன்றன. அடிக்கடி போய்ப் பார்க்கும் கண்கள் இல்லாத இடத்தில் எதுவும் நடக்கும்.

அதனால்தான் கோயில் மண்டபத்தை ஒட்டியுள்ள அறையைப் பகல்நேரப் பராமரிப்பு இடமாக மாற்றுகிறோம். சூடான மதியச் சாப்பாடு, பயிற்சி பெற்ற ஒரு பராமரிப்பாளர், கூட்டி வர ஒரு கொம்பி வேன். பார்த்துக்கொள்ளும் குடும்பத்துக்கும் மூச்சுவிட நேரம் கிடைக்கும். களைப்பு முற்றித்தான் பல வீடுகளில் கை ஓங்குகிறது. வராதவர்களை வீட்டுக்கே போய்ப் பார்ப்போம். முதியவருக்குக் கொடுமை நடக்கிறது என்ற சந்தேகம் வந்தாலே சமூக மேம்பாட்டுத் துறையிடமோ போலீசிடமோ சொல்லியாக வேண்டும் என்கிறது 2006-ஆம் ஆண்டின் முதியோர் சட்டம். சொல்வோம், சொந்தக்காரர் வீடாக இருந்தாலும்.

மாதம் 100 ராண்ட் தொடர்ந்து தருபவர்கள் எங்களுக்கு மிகவும் தேவை. பராமரிப்பாளரின் சம்பளம் ஒரு மாதம்கூட நிற்கக் கூடாது. புரட்டாசி முடிவதற்குள் கோயில் அலுவலகத்தில் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். வரவு செலவு மாதந்தோறும் மண்டபத்தில் ஒட்டப்படும். அரிசி, பருப்பு, கம்பளி, பெரியவர்களுக்கான நாப்கின் எதுவானாலும் சரி. பணம் முடியாதவர்கள் வாரத்தில் ஒரு மதியம் வந்து அவர்களோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள்.

இப்படிக்கு,
கட்டடமும் பராமரிப்பும் குழுவினர்