ஆறு மேசைக்கு நூறு அயிட்டம் எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை என்று எங்கு பார்த்தாலும் ஐந்தாறு மேசை போட்ட வட இந்திய உணவகங்கள் வந்துவிட்டன. குடும்பத்தோடு நிதானமாக உட்கார்ந்து சாப்பிட இடம் கிடைத்ததில் மகிழ்ச்சிதான். கோளாறு மெனு கார்டில் இருக்கிறது. ஒரே ஒரு மாஸ்டர் நிற்கும் அடுப்படியில் நூறு அயிட்டம் எப்படி வரும்?

காலையிலேயே வெங்காயம், தக்காளி, முந்திரி அரைத்துக் காய்ச்சி வைக்கும் ஒரே கிரேவிதான் பன்னீர் பட்டர் மசாலா, கடாய் பன்னீர், மலாய் கோஃப்தா என்று வேஷம் மாற்றி வருகிறது. தக்காளி எண்ணெய் பிரியும்வரை வதங்காததால் புளிப்பு நிற்கும். அதை அமுக்கச் சர்க்கரை, சர்க்கரையை அமுக்கக் கிரீம். கடாய் பன்னீருக்கு அந்த வழுவழுப்பே ஆகாது. வறுத்த மல்லி விதையையும் காய்ந்த மிளகாயையும் ஒன்றிரண்டாக இடித்துப் போட்டு, குடைமிளகாய் நறுக்கென்று இருக்கும்போதே இறக்க வேண்டும். பொரித்த பன்னீரை வெந்நீரில் போட்டு எடுக்காவிட்டால் ரப்பர்தான்.

தந்தூர் அடுப்பின் மண்சுவர் முழுக்கச் சூடேற ஒரு மணி நேரமாவது வேண்டும். ஏழு மணிக்குப் பற்றவைத்து ஏழேகாலுக்கு ரொட்டி தட்டினால் சுவரில் பிடிக்காமல் தணலில் விழும். பிடித்தாலும் நடுவில் மாவாகவே இருக்கும். சூடு சரியாக இருந்தால் நாண் ஒன்றரை நிமிடத்தில் கொப்புளம் விட்டு வெந்துவிடும். ஆறினால் மைதா தோல்போல இழுக்கும். ஆகவே நாலு பேர் போனால் எட்டு நாணையும் ஒரே நேரத்தில் சொல்லாமல், நாலு நாலாக வாங்குவது நல்லது. பார்சலுக்கு நாண் வேண்டவே வேண்டாம்.

இந்தக் கடைகள் உண்மையில் பெயர் வாங்க வேண்டியது தால் மக்கனியில். அதற்கு வேண்டியது தோலோடு கூடிய முழுக் கறுப்பு உளுந்து. சம்பா அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்னால் வயல் மண் மெழுகுப் பதத்தில் ஈரமாக இருக்கையில் விதை தெளித்து விளைய வைத்து எடுக்கிறோமே, அதே உளுந்துதான். கால் கிலோவுக்கு ஒரு கைப்பிடி ராஜ்மா சேர்த்து இரவே ஊறவைத்து, குக்கரில் குழைய வேகவிட்டு, பிறகு சிறு தீயில் இரண்டு மணி நேரமாவது அடிபிடிக்காமல் கிளற வேண்டும். உளுந்து கரைந்து வருவதால்தான் அந்தக் கெட்டி கிடைக்கிறது, வெண்ணெயும் கிரீமும் கடைசியில் வாசத்துக்கு. அவசரத்துக்குச் சோளமாவு கரைத்து ஊற்றினால் ஆறியதும் நீர் பிரிந்துவிடும். ராஜ்மா அரைவேக்காடாக இருந்தால் வயிற்றைப் புரட்டும். உளுந்து விளையும் ஊரிலேயே இதைப் பாசிப்பருப்பு போல் அரை மணியில் முடிப்பது எங்களுக்குப் பொறுக்கவில்லை.

பில்லையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். காம்போசிஷன் திட்டத்தில், அதாவது விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தைத் தானே வரியாகக் கட்டும் சிறு வியாபாரிகளுக்கான ஏற்பாட்டில், உள்ள கடை நம்மிடம் ஜிஎஸ்டி தனியாக வாங்கக் கூடாது. கேட்காமலே சேவைக் கட்டணம் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் சொல்லியாயிற்று.

உரிமையாளர்கள் கார்டைப் பதினைந்து அயிட்டத்துக்குள் சுருக்கி, தந்தூர் எத்தனை மணிக்குத் தயார் என்பதையும் அதன் மேலேயே அச்சிடட்டும்.

இப்படிக்கு,
வாசகர்கள் சிலர்,
கும்பகோணம்.